மழைக்கு ஒன்றரை மாசம் இருக்கு: புதுசா வாங்குன பழைய எம்எம் 540 டீசல் ஜீப்பை துருவுலேர்ந்து காப்பாத்தணும்

கோலிவாடா ஜீப்காரன் | ஏப்ரல் 24, ராத்திரி 11:20

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை வசாய் போயி ஒரு மஹிந்திரா எம்எம் 540 எடுத்துட்டு வந்தேன். 1994 மாடல், அந்த பிரெஞ்சு பிஜோ கம்பெனி லைசென்ஸ் டீசல் இன்ஜின், எக்ஸ்டிபி 4.90, 2112 சிசி. நான் மூணாவது ஓனர். எங்கப்பா தென்காசி பக்கம் பொதுப்பணித்துறை ஜீப் ஓட்டுனவரு, நான் அந்த டீசல் சத்தத்துல வளந்தவன், மும்பைக்கு வந்து இருபது வருசமாச்சு, ஒரு ஜீப் வாங்கணும்னு நெனச்சு நெனச்சு இப்பதான் கைக்கு வந்துச்சு.

கோட்பந்தர் ரோடு வழியா ஓட்டிட்டு வரும்போது ஒரு குறையும் தெரியல, 50, 55ல நிம்மதியா வந்துச்சு. மறுநாள் காலையில கால் வைக்கிற இடத்துல கெடந்த ரப்பர் மேட்டை தூக்குனேன், அடியில சாக்கு விரிச்சு வச்சிருக்காங்க, தொட்டா ஈரம். ஏப்ரல் மாசத்துல ஈரம். கிளட்ச் பெடலுக்குக் கீழ ஸ்க்ரூடிரைவரை வச்சு லேசாதான் அழுத்துனேன், அப்பளத்துல குத்துன மாதிரி உள்ள போயிருச்சு, ஓட்டை வழியா காம்பவுண்டு சிமென்ட் தரை தெரியுது. அடியில படுத்து பாத்தா முழுக்க கருப்பு ரப்பர் கோட்டிங், புதுசு, பளபளன்னு. விக்கிறதுக்கு முன்னாடி அடிச்சிருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுது.

வேற ஒண்ணு, காலையில ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்குது, ஆனதும் ஒரு நிமிசம் வெள்ளப்புகை. சாயங்காலம் சூடா இருக்கும்போது ஒரே செல்ஃப்ல எடுத்துக்குது.

ஜூன் 11 வாக்குல இங்க மழை எறங்கிரும். எங்க சொசைட்டியில கூரை இல்லாத பார்க்கிங்தான். எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், அந்த ரப்பர் கோட்டிங் மேலயே இன்னொரு கோட்டு அடிச்சுரலாமா, சொல்லுங்க.

வாஷி டீசல் | ஏப்ரல் 25, காலை 7:05

வாழ்த்துக்கள் நண்பா. ஆனா இன்னொரு கோட்டு மட்டும் அடிச்சுராதீங்க, கை எடுத்து கும்பிட்டு சொல்றேன். நான் என் ஜீப்புக்கு அதைத்தான் பண்ணேன். 2016ல ஒரு கடையில விட்டேன், தண்ணி அடிச்சு கழுவிட்டு காயக்கூட விடாம துரு மேலயே அடிச்சு சாயங்காலம் குடுத்துட்டாங்க. ரெண்டு மழை நல்லா இருந்துச்சு, பாக்க புது வண்டி மாதிரி இருக்கும், நான் அடியில குனிஞ்சு பாக்கறதையே விட்டுட்டேன். மூணாவது மழை முடிஞ்சு ஸ்பிரிங் பட்டை மாத்த தூக்குனப்ப மிஸ்திரி சுத்தியால ஒரு தட்டு தட்டுனாரு, கோட்டிங் ஒரு தோல் மாதிரி கையோட உரிஞ்சு வந்துச்சு, தோலுக்குப் பின்னாடி பட்டை பட்டையா துரு, பின்னாடி கிராஸ் மெம்பர்ங்கற குறுக்குச் சட்டத்துல பாதி இல்ல. அந்த ரப்பர் கொஞ்ச நாள்ல இறுகி ஓரத்துல முடி மாதிரி விரிசல் விடும், தண்ணி அது வழியா உள்ள போகும், வெளிய வராது. மூடி வச்ச சட்டி மாதிரி உள்ளயே வேலை நடக்கும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அதுதான் மோசம்.

முதல்ல அதை உரிங்க. அப்புறம்தான் வண்டியில என்ன இருக்கு என்ன இல்லன்னே தெரியும்.

பாண்டுப் பட்டறை | ஏப்ரல் 25, மதியம் 2:40

தம்பி, நான் பாண்டுப்புல டிங்கரிங் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன், முப்பது வருசமா இந்த ஜீப்புங்கதான் பாக்குறேன். வாஷி நண்பர் சொன்னது சரி. ஹீட் கன் இருந்தா லேசா சூடு காட்டி சொரண்டுற தகடால இழுத்தா ரப்பர் வரும், மிச்சத்தை டீசல் நனைச்ச துணியால தேச்சு எடுத்துரலாம். சூடு காட்டற வேலை மொத்தமும் முடிஞ்ச பிறகுதான் டீசல் துணிய கையில எடுக்கணும், அதுவும் டேங்க், டீசல் லைன் பக்கம் ஹீட் கன் போகவே கூடாது.

உரிச்சதும் ஒரு சின்ன சுத்தியும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துட்டு அடியில போங்க. நல்ல இரும்பு தட்டுனா கணீர்னு கேக்கும், செத்த இரும்பு மொத்து மொத்துன்னு கேக்கும், காதே சொல்லிரும். முக்கியமா பாக்க வேண்டியது ப்ளோர் தகட்டுக்கு அடியில குறுக்கால ஓடுற தொப்பி வடிவ சேனல். அது மேல தகட்டோட சேந்து ஒரு மூடுன குழாய் மாதிரி இருக்கும், சேறு உள்ள போயி உக்காந்துக்கும், வெளிய வர வழி கிடையாது. ஜீப் ப்ளோர் பெரும்பாலும் மேலேர்ந்து சாகுறதில்ல, அந்த சேனலுக்குள்ள இருந்து சாகுது. அடுத்து பாடி, சேஸுங்கற அடிச்சட்டத்து மேல உக்கார்ற ரப்பர் பேடு இருக்கற இடங்க, பின் சக்கரத்துக்கு மேல இருக்கற வீல் வளைவு, கண்ணாடி ஃப்ரேமோட அடி விளிம்பு, சீட்டுக்கு அடியில டூல்ஸ் பெட்டி. சேஸ்ல பின்னாடி ஸ்பிரிங் ஷாக்கிள் மாட்டுற இடம். அங்க ஓட்டை இருந்தா முதல்ல அதைப் பண்ணணும், மத்ததெல்லாம் அப்புறம்.

வெளிப் பாடிக்கு ஒரு காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி ஓட்டிப் பாருங்க. பட்டி போட்டு மொழுகின எடத்துல காந்தம் நிக்காது, வழுக்கிட்டு விழும்.

கோலிவாடா ஜீப்காரன் | ஏப்ரல் 28, ராத்திரி 12:10

அண்ணே ரொம்ப நன்றி. ரெண்டு நாள் லீவு போட்டு உரிச்சேன். சொசைட்டியில கிரைண்டர் போட விடல, செகரெட்டரி வந்து நிறுத்திட்டாரு, அவரு சொல்றதும் நியாயம், மேல வீட்ல கைக்குழந்தை இருக்கு. அதனால கோவண்டியில ஒரு சின்ன காலா, அதாவது பட்டறை ரூம், மாச வாடகைக்கு எடுத்துட்டேன், வண்டி இப்ப அங்கதான் நிக்குது.

பாத்தது இதுதான். டிரைவர் பக்கம் கால் வைக்கிற தகடு ரெண்டு கை அகலத்துக்கு போச்சு. தொப்பி சேனல் மொத்தம் நாலுல ரெண்டு செத்துப் போச்சு, ஒண்ணை தட்டுனப்ப உள்ளேர்ந்து ஒரு டப்பா நிறைய செம்மண்ணும் மணலும் கொட்டுச்சு. மணல் வெள்ளையா, பொடிப் பொடியா சிப்பித் துண்டோட இருந்துச்சு. இந்த வண்டி கடற்கரையில ஓடியிருக்கு. சேஸ் தட்டிப் பாத்தேன், கணீர்னுதான் கேக்குது, ஷாக்கிள் மாட்டுற இடமும் நல்லா இருக்கு, அது ஒண்ணுதான் நிம்மதி. காந்தம் இடது பக்கம் பின் வளைவுல மட்டும் நிக்கல.

கிரைண்டர்ல ஒயர் பிரஷ் போட்டு இரும்பு வெள்ளையா தெரியற வரைக்கும் தேச்சுட்டு ரஸ்ட் கன்வெர்ட்டர் அடிச்சு அது மேல பிரைமர் அடிக்கலாம்னு நாக்தேவி தெருவுல போயி சாமானெல்லாம் வாங்கி வச்சிருக்கேன். நாளைக்கு ஆரம்பிக்கலாமா?

கப்பல் பெயின்ட் | ஏப்ரல் 28, காலை 6:30

ஆரம்பிக்காதீங்க தம்பி. ஒரு நாள் பொறுங்க.

நான் தூத்துக்குடிக்காரன், செம்பூர்ல இருக்கேன், முப்பத்தாறு வருசம் கப்பல் பெயின்ட் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். ஜீப் எனக்குத் தெரியாது. உப்பு தெரியும். நீங்க சிப்பி மணல்னு எழுதினதை படிச்சதும் எந்திரிச்சு உக்காந்து இதை எழுதறேன்.

சாதாரண துருவும் உப்புத் துருவும் ஒண்ணு இல்ல. இரும்பு, தண்ணி, காத்து மூணும் சேந்தா துரு வரும், அது எல்லாருக்கும் தெரியும். தண்ணியில உப்பு கலந்துருச்சுன்னா அதுல மின்சாரம் சுலபமா ஓடும், துரு வேகம் பல மடங்கு ஆகும். இன்னொண்ணு, உப்பு காத்துல இருக்கற ஈரத்தை தானா இழுத்து வச்சுக்கும். மேல தண்ணி ஊத்தவே வேண்டாம், மும்பை காத்தே போதும். உங்க சாக்கு ஏப்ரல்ல ஈரமா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

இப்ப நீங்க கிரைண்டர் போட்டீங்கன்னா ஒயர் பிரஷ் அந்த உப்பை எடுக்காது. துரு குழிக்குள்ள தேச்சு பாலிஷ் பண்ணி விட்டுரும். இரும்பு பளபளன்னு தெரியும், மனசுக்கு திருப்தியா இருக்கும், அது மேல எவ்வளவு நல்ல பெயின்ட் அடிச்சாலும் அடியில உப்பு உக்காந்திருக்கும். பெயின்ட் படலம் வழியா ஈரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும், உப்பு இருக்கற எடத்துல தண்ணி சேந்து கொப்புளம் வரும். கப்பல்ல நாங்க பாக்கற கொப்புளத்துக்கு நெறைய தடவை காரணம் இதுதான், பெயின்ட் மேல பழி போடுவாங்க.

அதனால முதல் வேலை நல்ல தண்ணியில கழுவறது. போர்வெல் தண்ணி வேண்டாம், முனிசிபாலிட்டி தண்ணி போதும். பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுங்க, சேஸ் பெட்டிக்குள்ள, சேனலுக்குள்ள, ஓட்டை இருக்கற எடத்துல எல்லாம் ஹோஸை விட்டு வெளிய வர்ற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அடிங்க. காயட்டும். லேசா ஒயர் பிரஷ் போட்டு மேல் துருவை தட்டி விடுங்க, மறுபடி கழுவுங்க. குழிக்குள்ள இருக்கற உப்பு ரெண்டாவது கழுவல்லதான் வரும். அப்புறம் கிரைண்டர்.

பெயின்ட் அடிக்கற நேரத்துக்கு எங்க வேலையில ஒரு கணக்கு உண்டு. காத்துல ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல இருந்தா அடிக்கக் கூடாது, இரும்போட சூடு பனி எறங்கற சூட்டை விட குறைஞ்சது 3 டிகிரி மேல இருக்கணும். உங்களுக்கு அந்தக் கருவியெல்லாம் வேண்டாம், காலையில பத்து மணிக்கு மேல வெயில் ஏறுன பிறகு ஆரம்பிச்சு நாலு மணிக்குள்ள முடிங்க, அது போதும். விடியக்காலையும் பொழுது சாஞ்ச பிறகும் தொடாதீங்க.

வாஷி டீசல் | ஏப்ரல் 28, காலை 9:15

ஐயா, இத்தனை வருசத்துல இதை எனக்கு யாருமே சொன்னதில்ல. 2005 ஜூலை 26 வெள்ளத்துல என் பழைய வண்டி குர்லாவுல ஒரு நாள் முழுக்க தண்ணியில நின்னுச்சு, அன்னைக்கு சாந்தாக்ரூஸ்ல மட்டும் 944 மில்லி மீட்டர் பேஞ்சுது, தண்ணி வடிஞ்சதும் இன்ஜினை மட்டும் பாத்தோம், பாடிய கழுவணும்னு தோணவே இல்ல. அடுத்த ரெண்டு வருசத்துல கதவு அடியெல்லாம் உதிர்ந்து போச்சு. இப்பதான் புரியுது.

முலுண்ட் மலைக்காரன் | ஏப்ரல் 28, மாலை 6:50

எல்லாரும் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறீங்க. எங்க ஊர்ல லாரி ஷெட்டுல கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில ஸ்ப்ரே பண்ணி விட்டுருவாங்க, வண்டி முப்பது வருசம் ஓடும். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவை. நானும் அதைத்தான் பண்றேன், துரு கிடையாது.

லேத்துக்காரர் மக | ஏப்ரல் 28, ராத்திரி 9:30

அண்ணா, ஆயில் படலம் துருவைத் தடுக்கும்ங்கறது உண்மைதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா கழிவு ஆயில் வேண்டாம். இன்ஜின்ல எரிஞ்ச மிச்சமெல்லாம் அதுல இருக்கு, ஆசிடும் இருக்கு, தோல்ல பட்டு பட்டு புத்துநோய் வரைக்கும் போகற சமாசாரம், ஸ்ப்ரே பண்ணா மூச்சுலயும் போகும். ஸ்பிரிங் புஷ், பாடி மவுன்ட் ரப்பரெல்லாம் ஆயில் குடிச்சு ஊதிக்கும். பிரேக் டிரம்முக்குள்ள ஒரு சொட்டு போனா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். முதல் மழையில பாதி கழுவிக்கிட்டு சாக்கடைக்குப் போகும், சாக்கடை கடலுக்குப் போகும்.

அதே வேலையை சுத்தமா செய்யறதுக்கு லானோலின் இருக்கு, ஆட்டு ரோமத்துலேர்ந்து எடுக்கற கொழுப்பு. இல்ல கேவிட்டி வேக்ஸ், மூடுன பொந்துக்குள்ள அடிக்கற மெழுகு. ரெண்டும் இறுகாது, பிசுபிசுன்னு இருக்கும், கல்லு பட்டு கீறுனாலும் பக்கத்துலேர்ந்து ஊர்ந்து வந்து ஓரளவு மூடிக்கும். ரப்பர் கோட்டிங் அந்த வேலையை செய்யாது. வருசா வருசம் அடிக்கணும், அது ஒண்ணுதான் கஷ்டம். சைலன்சர் மேலயும் பிரேக் மேலயும் படாம பாத்துக்கணும், ரப்பர் புஷ்ஷுக்கு இதுவும் ஆகாது, அங்க ஒரு கவர் கட்டிட்டு அடிக்கணும்.

ஜீப்காரன் அண்ணா, உங்க ஸ்டார்ட்டிங் பிரச்சினைய யாரும் தொடலையே, அதைச் சொல்லிடறேன். எங்கப்பா லேத்துப் பட்டறையில பக்கத்து ஷெட்டு டீசல் பம்பு மெக்கானிக்கோடது, நான் சின்ன வயசுலேர்ந்து அங்க நின்னு பாத்திருக்கேன். சூட்டுல எடுக்குது, குளிர்ல எடுக்கல, வெள்ளப்புகைன்னா ரெண்டுல ஒண்ணு. குளிர்ல சிலிண்டரை சூடாக்கற ஹீட்டர் பிளக்குல ஒண்ணோ ரெண்டோ செத்திருக்கும். இல்லன்னா ராத்திரி நிக்கும்போது லைன்ல காத்து ஏறி டீசல் டேங்குக்கு திரும்பிப் போயிருது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: காலையில செல்ஃப் அடிக்கறதுக்கு முன்னாடி டீசல் லைன்ல இருக்கற ஹேண்ட் பம்பை அமுக்கிப் பாருங்க. உடனே கெட்டியா நின்னா லைன் நல்லா இருக்கு, ஹீட்டர் பிளக்கை ஒவ்வொண்ணா கழட்டி பேட்டரியில வச்சுப் பாருங்க, நுனி சிவக்கணும், சிவக்காதது செத்தது. இருபது முப்பது தடவை அமுக்குன பிறகுதான் கெட்டியாகுதுன்னா காத்து ஏறுது. டீசல் பைப்பை மாட்டுற பேஞ்சோ போல்ட்டு அடியில இருக்கற செம்பு வாஷரை பழசையே திரும்பத் திரும்ப போட்டிருப்பாங்க, ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கும். புது வாஷர் போடுங்க, பைசாவுல முடியற வேலை.

இன்னொண்ணு, 2020 ஏப்ரல்லேர்ந்து வர்ற பிஎஸ்6 டீசல்ல கந்தகம் 10 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்துல பத்து பங்கு. அந்தக் காலத்து பம்பு சீலெல்லாம் பழைய டீசலுக்குப் பழகுனது, டீசல் மாறுனதும் சிலது சுருங்கி கசிய ஆரம்பிக்கும். பம்பை சுத்தி டீசல் ஈரம் இருக்கான்னு பாருங்க. கசிஞ்சா விட்டான் ரப்பர் சீல் போடச் சொல்லுங்க.

கோலிவாடா ஜீப்காரன் | மே 3, ராத்திரி 10:45

தங்கச்சி, முப்பத்தி நாலு தடவை. எண்ணி அமுக்குனேன். பில்டர் மேல இருக்கற பேஞ்சோ வாஷர் ரெண்டும் தேஞ்சு தகடு மாதிரி இருந்துச்சு, மாத்தி ப்ளீட் பண்ணேன், அதாவது லைன்ல இருக்கற காத்தை வெளிய விட்டேன், நுரை வந்து நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும். மறுநாள் காலையில அரை சுத்துல எடுத்துக்கிச்சு. நாலு ஹீட்டர் பிளக்கும் நல்லா சிவக்குது. பில்டரை வெட்டிப் பாத்தேன், அடியில செங்கல் பொடி மாதிரி துரு. டேங்க் உள்ளயும் துரு இருக்கு போல.

கழுவற வேலை ஐயா சொன்ன மாதிரியே ரெண்டு தடவை. முதல் நாள் சேஸுக்குள்ள ஹோஸை விட்டப்ப டீக்கலர்ல தண்ணி வந்துச்சு, முக்கா மணி நேரம் அப்படியே, அப்புறம்தான் தெளிஞ்சுது. மூணு நாள் பெடஸ்டல் ஃபேன் போட்டு காய விட்டேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் கிரைண்டர் போட்டு டிரைவர் பக்கம் முழுக்க வெள்ளி மாதிரி கொண்டு வந்தேன், இருட்டிருச்சு, பிரைமர் காலையில அடிச்சுக்கலாம்னு ஷட்டர் போட்டுட்டு வந்துட்டேன். இன்னைக்கு காலையில போயி பாத்தா மேல முழுக்க மஞ்சளா ஒரு பூச்சு, மஞ்சத்தூள் தூவுன மாதிரி. ரெண்டு நாள் வேலை. இது மேல பிரைமர் அடிக்கலாமா?

கப்பல் பெயின்ட் | மே 4, காலை 6:10

அடிக்கக் கூடாது. மனசு உடைய வேண்டாம், அது மேலாக்க பூத்த புதுத் துரு, எம்பதாம் நம்பர் உப்புத்தாள் போட்டு தேச்சா அரை மணி நேரத்துல போயிரும். ஆனா பாடம் என்னன்னா, மும்பையில திறந்த இரும்பை ராத்திரி தங்க விடக் கூடாது. ஒரு நாள்ல எவ்வளவு எடத்துக்கு பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவு எடத்தை மட்டும் திறங்க. ரெண்டடி திறந்து ரெண்டடி மூடுங்க.

கன்வெர்ட்டர் பத்தியும் சொல்லிடறேன். அது பாஸ்பாரிக் ஆசிட், டானிக் ஆசிட் வச்சு செஞ்சது, துருவை கருப்பாக்கி கெட்டியாக்கும். நல்ல வெள்ளி இரும்புக்கு அது வேண்டாம், பிரஷ் போகாத குழி, மடிப்பு, அங்க மட்டும் தொட்டு வைங்க. டப்பாவுல என்ன எழுதியிருக்கோ அந்த நேரம் காய விட்டு, கழுவச் சொல்லியிருந்தா கழுவணும். ஆசிட் மிச்சம் இருந்தா மேல அடிக்கற எபாக்ஸி சரியா பிடிக்காது. ஜிங்க் பிரைமர் வாங்கி வச்சிருக்கீங்கன்னா அது வெறும் இரும்பைத் தொடணும், அப்பதான் ஜிங்க் தன்னைக் குடுத்து இரும்பைக் காப்பாத்தும். கன்வெர்ட்டர் மேல அடிச்சா அதுக்கு வேலையே இல்ல.

எனக்குக் கேட்டா ரெண்டு டப்பா கலக்கற எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட்டு. ஓரம், போல்ட்டு தலை, வெல்டு வரி இதுக்கெல்லாம் முதல்ல பிரஷ்ல ஒரு கோட்டு தனியா குடுங்க, ஓரத்துல பெயின்ட் எப்பவும் மெலிசா விலகிப் போகும், துரு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். ரெட் ஆக்ஸைடு ஒண்ணை மட்டும் அடிச்சுட்டு விட்டுராதீங்க, அது கிரில் கேட்டுக்கு ஆகும், ஜீப் அடிப்பக்கத்துக்கு பத்தாது. காலாவுல ஜன்னலைத் திறந்து வச்சு மாஸ்க் போட்டு அடிங்க.

பாண்டுப் பட்டறை | மே 4, மதியம் 1:20

ஐயா சொன்னதை எங்க பசங்களுக்கு படிச்சுக் காட்டுனேன்.

தம்பி, தகடு வேலைக்கு வண்டிய எங்கிட்ட கொண்டு வாங்க, இல்ல கோவண்டியிலயே யாராவது நல்ல வெல்டரைப் பிடிங்க, ஆனா ரெண்டு விசயம் பிடிவாதமா சொல்லுங்க. ஒண்ணு, பழைய தகடு மேல புதுத் தகடு வச்சு ஒட்டக் கூடாது. நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு விளிம்போட விளிம்பு சேத்து வைக்கணும். மேல ஒட்டுனா ரெண்டு தகட்டுக்கு நடுவுல தண்ணி நிக்கும், ரெண்டும் சேந்து போகும். ரெண்டு, கரண்ட்ல கம்பி உருகுற சிஓ2 வெல்டிங்தான், நெருப்பு காட்டற கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டுல தகடு அலை அலையா வளைஞ்சுரும். ப்ளோருக்கு 16 கேஜ், அதாவது 1.6 மில்லி, போட்டா கால் வச்சு மிதிக்க தெம்பா இருக்கும், வெளிப் பாடிக்கு 18 போதும். தொடர்ச்சியா இழுக்காம அங்கங்க புள்ளி வச்சு ஆறவிட்டு ஆறவிட்டு சேக்கணும். பேட்டரி ரெண்டு ஒயரும் கழட்டிரணும், ஆல்டர்னேட்டர் கனெக்‌ஷனும். டீசல் டேங்கை எறக்கி வெளிய வச்சுரணும், காலி டேங்குதானேன்னு பக்கத்துல வெல்டு பண்ணக் கூடாது, காலி டேங்குக்குள்ள நிக்கற ஆவிதான் ஆபத்து. நான் கண்ணால பாத்திருக்கேன், அதனால சொல்றேன்.

புது சேனல் வைக்கும்போது ரெண்டு முனையையும் அடைக்காதீங்க. அடிப்பக்கம் பத்து மில்லியில ஓட்டை போடச் சொல்லுங்க, ஒவ்வொரு சேனலுக்கும் ரெண்டு. வேக்ஸ் அந்த ஓட்டை வழியா உள்ள அடிக்கலாம், தண்ணியும் அந்த ஓட்டை வழியா வெளிய வந்துரும்.

டேங்க் எறக்குனதும் உள்ள பழைய நட்டு ஒரு கிலோ போட்டு டீசல் ஊத்தி குலுக்குங்க, ரெண்டு மூணு தடவை, வர்றது தெளிவாகற வரைக்கும். நட்டு எல்லாத்தையும் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்க. அப்புறம் எப்பவும் டேங்கை முக்காலுக்குக் கீழ விடாதீங்க, காலி எடத்துல ராத்திரி ஈரம் வேர்த்து விழும், தண்ணி அடியில தங்கும், டேங்க் அடியிலேர்ந்து அரிக்கும்.

டில்லி தம்பி | மே 5, காலை 8:00

எல்லாம் படிச்சுட்டு ஏக்கமா இருக்கு. இங்க டில்லியில பத்து வருசம் தாண்டுன டீசல் வண்டி ஓட்டக் கூடாதுன்னு 2018ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு, எங்க மாமாவோட ஜீப்பை ராஜஸ்தான்காரருக்குக் குடுத்துட்டோம். ஒரு சந்தேகம், இதை வின்டேஜ்னு பதிஞ்சா மும்பையில ஏதாவது சலுகை உண்டா?

வாஷி டீசல் | மே 5, காலை 10:30

இல்ல தம்பி. 2021ல வந்த மத்திய விதிப்படி 50 வருசம் தாண்டுனாத்தான் வின்டேஜ், அதுக்கு விஏன்னு தனி நம்பர் வரிசை, பதிவுக்கு 20,000 ரூபாய், அதுவும் தினசரி ஓட்டக் கூடாது. 1994 வண்டி வெறும் பழைய வண்டிதான். ஆர்டிஓல பாசிங், அதாவது வண்டி தகுதிச் சோதனை, பண்ணி அஞ்சஞ்சு வருசமா நீட்டிக்கணும், பசுமை வரி தனி. ஜீப்காரன் நண்பா, உங்க ஆர்சி எப்ப முடியுதுன்னு பாருங்க, பிரேக், லைட்டு, புகை மூணும் சரியா இருந்தா பிரச்சினை இல்ல. சேஸ் நம்பர் அடிச்ச எடத்தை மட்டும் கிரைண்டரால தொட்டுராதீங்க, கையால பிரஷ் போட்டு மேல தெளிவான வேக்ஸ் தடவி விடுங்க, பாசிங்ல பென்சில் வச்சு அந்த நம்பரை தேச்சு எடுப்பாங்க.

கோலிவாடா ஜீப்காரன் | மே 19, ராத்திரி 11:55

தகடு வேலை முடிஞ்சுது. பாண்டுப் அண்ணன் பட்டறையிலயே குடுத்தேன், வெட்டி எடுத்த பழைய சேனலை எனக்குக் கையில குடுத்தாரு, ஒரு முழம் நீளம், தூக்குனா காகிதம் மாதிரி இருக்கு, விரலால அமுக்குனா நொறுங்குது. வீட்ல எடுத்துட்டு வந்து அப்பாவுக்குக் காமிச்சேன், அவரு ரொம்ப நேரம் கையில வச்சு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எங்க ஜீப்புக்கு மாசா மாசம் வெல்லம் தடவுற மாதிரி கிரீஸ் தடவுவோம்டான்னு சொன்னாரு.

எபாக்ஸி ரெண்டு கோட்டு, வெல்டு வரிக்கு சீம் சீலர், மேல பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட். ராணுவப் பச்சைதான் ஆசைப்பட்டேன், ஆலிவ் பச்சை ராணுவத்துக்கு மட்டும்தான், விதி 121ல இருக்கு, பாசிங்ல நிறுத்திருவாங்கன்னு அண்ணன் சொல்லிட்டாரு, அதனால ஆர்சியில இருக்கற பழைய வெள்ளையே. நாளைக்கு வேக்ஸ். ரப்பர் மேட், சாக்கு ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டேன், ப்ளோர் வெறும் தகடாவே இருக்கட்டும், ஈரம் பட்டா கண்ணுக்குத் தெரியட்டும்.

மழையில ஓட்டறதுக்கு வேற என்ன பாக்கணும்?

லேத்துக்காரர் மக | மே 20, காலை 7:40

அப்பா சொன்னது ரொம்ப சரி அண்ணா. கிரீஸ் கன் எடுத்து ஸ்பிரிங் ஷாக்கிள், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், முன் வீல் நக்கிள் எல்லாத்துலயும் பழைய கிரீஸ் வெளிய தள்ளி புதுசு வர்ற வரைக்கும் அடிங்க. கிரீஸ் உள்ள இருந்தா தண்ணிக்கு எடமில்ல.

ரெண்டு ஆக்ஸில் மேலயும் காத்து போய் வர்ற சின்ன பிரீதர் இருக்கும், நெறைய வண்டியில சேறு அடைச்சுக் கெடக்கும். சூடான ஆக்ஸில் திடீர்னு தேங்குன தண்ணியில எறங்குனா உள்ள காத்து சுருங்கும், பிரீதர் அடைச்சிருந்தா சீல் வழியா தண்ணிய உள்ள இழுத்துரும். கியர் ஆயில் மோர் மாதிரி வெள்ளையா வந்தா அதுதான். பிரீதர்ல ஒரு ஹோஸ் மாட்டி மேல தூக்கிக் கட்டிருங்க. கியர் பாக்ஸுக்கு ஆயில் வாங்கும்போது ஜிஎல்-4 தரம் பாத்து வாங்குங்க, ஜிஎல்-5 சிலது உள்ள இருக்கற பித்தளை ரிங்கை அரிக்கும், ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5 சரி. இன்ஜினுக்கு சாதாரண 15டபிள்யூ40 டீசல் ஆயில் போதும்.

மாசம் ஒரு தடவை மண் ரோட்டுல நாலு வீல் போட்டு ரெண்டு கிலோமீட்டர் ஓட்டுங்க, முன் சக்கரத்துக்கும் சக்தி அனுப்பற டிரான்ஸ்பர் கேஸ் பல்லெல்லாம் ஆயில்ல நனையும். தார் ரோட்டுல போடாதீங்க, திரும்பும்போது முன்னும் பின்னும் முறுக்கிக்கும். தேங்குன தண்ணியில போயிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவிருங்க, அந்த வாரத்துக்குள்ள டிரம்மை கழட்டி சேறு எடுத்துருங்க.

முலுண்ட் மலைக்காரன் | மே 20, ராத்திரி 8:20

நானும் கழிவு ஆயிலை விட்டுட்டேன். நேத்து என் ஸ்பிரிங் புஷ்ஷை அமுக்கிப் பாத்தேன், ஊதி ஊதி வெடிச்சிருக்கு. லானோலின் எங்க கிடைக்கும்?

பாண்டுப் பட்டறை | மே 20, ராத்திரி 9:00

பெயின்ட் கடையில கேட்டா வர வச்சுக் குடுப்பாங்க தம்பி. அடிக்கறதுக்கு முன்னாடி டப்பாவை வெந்நியில வச்சு எடுத்தா இளகும், உள்ள தூரமா போகும்.

கோலிவாடா ஜீப்காரன் | ஜூன் 14, காலை 6:50

நேத்து ராத்திரி எங்க ஏரியாவுல முதல் பெரிய மழை. ரெண்டு மணிக்கு முழிச்சுட்டேன், தூக்கம் வரல, டார்ச் எடுத்துட்டு கீழ எறங்கிப் போயி வண்டிக்குப் பக்கத்துல குடையோட குத்த வச்சு உக்காந்து பாத்தேன். டிரைவர் பக்கம் ரெண்டு சேனல் ஓட்டையிலயும் தண்ணி நூல் மாதிரி ஊத்திக்கிட்டே இருந்துச்சு. பாசஞ்சர் பக்கம் முன் சேனல்ல ஒரு ஓட்டை ஊத்துது, இன்னொண்ணு சும்மா இருந்துச்சு. கம்பி விட்டுப் பாத்தேன், வேக்ஸ் கட்டியாகி அடைச்சிருக்கு. குத்தி விட்டதும் ஒரு டம்ளர் தண்ணி கொட்டுச்சு, கூடவே கொஞ்சம் மணல், அதே வெள்ளை மணல், எங்கேர்ந்துதான் இன்னும் வருதோ.

கண்ணாடி ஃப்ரேம் அடியில இடது ஓரமா ஒரு சொட்டு உள்ள வருது, அந்த ரப்பரை ஞாயித்துக்கிழமை மாத்தறேன். ப்ளோர் வெறும் தகடுங்கறதால சொட்டு எங்க விழுதுன்னு உடனே தெரிஞ்சுது. காலையில துணி வச்சு துடைச்சுட்டேன். ஹேண்ட் பம்பு முதல் அமுக்குலயே கெட்டியா இருக்கு.